இருபத்துமூன்றாம் தேதித் தவளை

பாபநாசம்,
ஜனவரி 18

அன்புள்ள சான்ட்ராவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் சர்க்கரையும் முழங்காலும் தவிர இங்கே மற்றதெல்லாம் சுகம். நீயும் மாப்பிள்ளை ஜெனித்தும் அந்தக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க ஜெபிக்கிறேன். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுதுவிடுவேன், நடுவில் சொல்ல வந்தது போய்விடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டுக் கூப்பிடு.

ஊர் ஊராக, நாடு நாடாகச் சிதறிக் கிடக்கும் பூச்சி, பறவை, தவளைக் குறிப்புகளை எல்லாம் ஒரே இடத்தில் இணைக்கிறதுதான் உன் வேலை என்று நான் சர்ச்சில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த இணைப்பில் ஆசீர்வாதம் என்று அப்பா பெயரே வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை. ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி அடக்கம் செய்தவர் பெயரில், அதற்குப் பிந்தைய தேதியில் எட்டுத் தவளைப் பதிவுகள் இருக்கின்றன, பிழை என்று அழித்துவிடலாமா, நோட்டைப் பார்த்துச் சொல் என்று எழுதியிருந்தாய். பார்த்துவிட்டேன். ஏழுக்கு விடை கிடைத்தது. அப்பா தன் குறிப்புகளை நோட்டில் ஒரு தரமும், வேலை பார்த்த கல்லூரி அலமாரிக்கு ஒரு தரமும், அந்தத் தவளைக் குழுவுக்கு ஒரு தரமும் எழுதிக் கொடுப்பாரே. நாம் தேதியை முன்னால் போடுகிறோம், அந்தக் குழுக்காரர்கள் மாதத்தை முன்னால் போடுகிறார்கள். அப்பா ஜனவரி பத்தில் கேட்ட தவளை அங்கே அக்டோபர் ஒன்றில் கத்தியிருக்கிறது. ஏழும் அப்படித்தான், ஒவ்வொன்றுக்கும் நேரே டிக் போட்டுப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். முப்பத்தைந்து வருஷம் நோட்டுத் திருத்தியவள், எனக்கு இது பெரிய வேலையா.

எட்டாவது அக்டோபர் இருபத்துமூன்று. இருபத்துமூன்றாவது மாதம் என்று ஒன்று கிடையாது, திருப்பிப் போட வழியில்லை. அதுவும் நோட்டிலிருந்து ஏறியது இல்லை, அப்பாவுடைய போனிலிருந்து நேராகப் போனது, தேதியையும் மணியையும் போனே போட்டிருக்கிறது, மாலை ஆறு பத்து. அந்த போன் பீரோ மேல்தான் இருக்கிறது. அது அணைந்துபோனால் எனக்குத் தாங்காது என்று தினமும் சார்ஜ் போடுகிறேன், அதற்கு மேல் ஒன்றும் செய்ததில்லை. அதைத் திறக்கிற நம்பர் எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அந்தப் பதிவில் இருக்கிற சத்தம் இங்குள்ள எந்தத் தவளையோடும் ஒத்துப்போகவில்லை என்று உங்கள் நிபுணர் எழுதியிருப்பதாகச் சொன்னாய். நூறு வருஷத்துக்கு முன்னால் நம் பக்கத்திலிருந்து பிடித்துப்போய் அங்கே மியூசியத்தில் ஜாடியில் வைத்திருக்கிறார்களே, அதன் பிறகு யாருமே பார்க்காத அந்தத் தவளையாக இருக்கலாம், ஆனால் பதிந்தவர் யார் என்று தெரியாவிட்டால் மாதக் கடைசிக்குள் அழித்துவிடுவார்கள் என்றும் சொன்னாய். அப்பா அந்த ஒரு தவளைக்காக எத்தனை மழையில் நனைந்தார் என்று உனக்குத் தெரியும். நீ தவளை கத்துகிற வரைக்கும் கேட்டுவிட்டு நிறுத்திவிட்டாயாம். அப்பா ஒவ்வொரு பதிவின் முடிவிலும் இடம், வானம், எத்தனை என்று சொல்லி முடிப்பாரே, அந்தக் குரல் வந்துவிடுமோ என்று பயம். நீ அனுப்பியதை நான் கடைசி வரை கேட்டேன். பயப்படாதே சான்ட்ரா, அது அப்பா குரல் இல்லை. என் குரல்.

அன்றைக்குப் புதன்கிழமை. நல்ல மழை பெய்து விட்டிருந்தது, நாலு மணிக்கு டீ போட்டுக் குடித்தேன், பிறகு இருட்டினதும் விளக்குப் போட்டேன். நடுவில் எனக்கு ஒன்றும் நினைவில்லை. பெண்கள் சங்கக் கூட்டத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்டவர்களிடம் தலைவலி, தூங்கிவிட்டேன் என்றேன், நானும் அப்படித்தான் நம்பினேன். வாசலில் செருப்பு முழுக்கச் சேறாக இருந்தது. மறுநாள் நம் நிலத்தைக் குத்தகைக்குப் பார்க்கிற துரைக்கண்ணு வந்து, "நேத்து மதகுப் பக்கம் யார்கூடப் பேசிக்கிட்டுப் போனீங்க டீச்சரம்மா?" என்று கேட்டார். கண்ணில் புரை விழுந்திருக்கும், போய்க் காட்டுங்கள் என்று கேலி செய்து அனுப்பினேன்.

பதிவில் நான், "மதகடி. மேகமூட்டம், மழை இல்ல. ஒன்னு," என்று அப்பா சொல்கிற மாதிரியே சொல்கிறேன். பிறகு கொஞ்ச நேரம் வாய்க்கால் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். அதற்குப் பிறகு மறுபடி என் குரல், "ரெண்டா? சரிங்க, ரெண்டுன்னே போடுறேன்." அவ்வளவுதான், முடிந்துவிடுகிறது. அந்த இடைவெளியை எத்தனை தரம் போட்டுக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது, ஒன்றும் இல்லை. பயமாகத்தான் இருக்கிறது சான்ட்ரா. ஆனால் அன்றைக்கு நான் கேட்ட ஏதோ ஒன்று எனக்கு நினைவில்லாமல் போயிற்றே என்கிற ஆற்றாமைதான் பயத்தைவிடப் பெரிதாக இருக்கிறது.

நீ பதறி டிக்கெட் போடாதே. திங்கட்கிழமை தஞ்சாவூரில் நரம்பு டாக்டரைப் பார்க்கிறேன். துரைக்கண்ணு மனைவி ஆனந்தவல்லி தினமும் சாயங்காலம் வந்து உட்காருகிறாள், வாய்க்கால் பக்கம் தனியாகப் போவதில்லை என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். சம்பா தலை சாய்ந்துவிட்டது, அறுப்பு மிஷினுக்குத்தான் காத்திருக்கிறோம். நீ ராத்திரி சோற்றுக்குப் பதில் ரொட்டியைக் கடித்துவிட்டுப் படுக்கிறாயாம், ஜெனித் சொன்னார். ஒரு ரசமாவது வை.

கர்த்தர் உங்கள் இருவரையும் காத்து ஆசீர்வதிப்பாராக. இனிமேல் எங்கே தேதி போட்டாலும் மாதத்தை எழுத்தில் எழுது, மறக்காதே. அந்த எட்டாவதை அழிக்க விடாதே. எனக்கு இடது காது மந்தம், அன்றைக்கு எனக்குக் கேட்டது ஒன்றுதான் என்று பதிவே சொல்கிறது. கிட்டே ஒன்று, தூரத்தில் பதில் சொல்வது ஒன்று, ஆக இரண்டு என்று உங்கள் நிபுணர் எழுதியிருக்கிறார். அதனால் உள்ளதை உள்ளபடி போட்டுவிடு. பதிந்தவர் அருள்செல்வி. கேட்டவர் ஆசீர்வாதம்.

இப்படிக்கு
உன் அன்பு அம்மா,
அருள்செல்வி