நாயகத்தின் குரலைத் தேடினோம்

என் அன்பு மச்சான் நாயகம்,

எனக்கு எழுத்துத் தெரியாதென்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மகள் ஜெனிற்றா எழுதுகிறாள். பிழை இருந்தால் அது அவளுடையது.

நீ லண்டனில் கண்ணை மூடிய முப்பத்தோராம் நாளுக்கு இங்கே ஜேர்மனியில், வுப்பர்டாலில் பூசை வைத்தோம். பூசை முடியக் கோயில் மண்டபத்தில் சாப்பாடு. சனம் எக்கச்சக்கம். உன்னை நேரில் காணாதவர்களும் வந்தார்கள். டிவியில் கண்டிருக்கிறார்கள், பிறகென்ன?

முதல் டிவி நாடகத்தில் சாப்பாட்டுத் தட்டோடு பரிமாற வந்து ஒரேயொரு வசனம் சொன்னாய். பிறகு படங்களில் கடைக்காரன், டாக்ஸிக்காரன், டொக்டர், கடைசியில் நீதவான். வயது போகப் போக உனக்குப் பதவி உயர்வுதான். இரண்டு படத்தில் உன்னைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த இரண்டு தரமும் உன் அக்கா, என் மனுசி, உடனே லண்டனுக்குப் போன் எடுத்து, நீ "ஹலோ" சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு போட்டாள். இந்த முறை ஆருக்கு எடுக்கிறது?

மண்டபத்தில் நீ நீதவானாக வருகிற காட்சியைப் போட்டார்கள். நீ வாயைத் திறந்தாய், வந்தது ஜேர்மன். இந்த நாட்டில் வெளிநாட்டுப் படத்துக்கு வேறு ஆள் குரல் கொடுப்பது வழக்கம்தானே. வீட்டிலும் அப்படித்தான் பார்த்தோம். அன்றைக்கு மட்டும் உன் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"நிப்பாட்டுங்கோ! உது ஆரோ வெள்ளைக்காரன். என்ரை தம்பியின்ரை குரலைப் போடுங்கோ."

ஜெனிற்றா ஆங்கிலத்துக்கு மாற்றினாள். இப்போது நீயேதான். அதற்கும் உன் அக்கா இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"உதுவும் அவனில்லை. ஏன் மூக்காலை கதைக்கிறான்?"

நீ எனக்குச் சொல்லியிருக்கிறாய்: "நீதவான் அப்பிடித்தான் கதைக்க வேணுமாம், அத்தான். நான் என்ன செய்ய?"

வேறு பதிவு ஒன்றும் எங்களிடம் இல்லை. போன் எடுத்தால் கதைப்பாய்தானே என்று இருந்துவிட்டோம்.

அவள் முகத்தைப் பார்க்க ஏலாமல் நான் எழும்பினேன். நத்தார்ப் பண்டிகைக்கு வரும்போதெல்லாம் எங்கள் வாசலில் நின்று நீ கத்துவதை மைக்கில் சொல்லிக் காட்டினேன்: "அக்கா, கதவைத் திற! பெரிய நடிகர் குளிரிலை நிக்கிறார்!"

"சும்மா இருங்கோப்பா, ஆடு கத்தின மாதிரி," என்று மைக்கைப் பறித்தாள். "அவன் அப்பிடியோ சொல்லுறவன்? இப்பிடி."

சொன்னாள். "அக்கா" என்பதை நீ இழுக்கிற அதே இழுவை. "நடிகர்" என்பதில் அதே நக்கல். சாப்பிட்டுக்கொண்டிருந்த சனம் நிமிர்ந்து பார்த்தது. அவள் திரும்பி மண்டப வாசலைப் பார்த்தாள்.

உன் குரல்தான், மச்சான். ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் அல்லவா? இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு அது காதில் விழவில்லை.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி அவள் என்னை ஏசினால் குறுக்கே கதைக்க மாட்டேன். முழுக்க ஏசி முடிக்கட்டும். கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன் அக்காவின் மனுசன்,
அத்தான் சூசை