நான்கு நீல நூல்கள்

திருப்பூர்
9-7-1972

மயிலாத்தாளுக்கு,

உன் அம்மா கால் ஊன்றி நடக்கிறார்களா?

என் சிறுநீரைச் சோதனை மருந்தில் காய்ச்சி, கண்ணாடிக் குழாயில் வரும் நிறத்திலேயே ஒரு சாயப்பட்டறை நூலைக் கடிதத்தில் வைக்கச் சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் போனாய். நீலமென்றால் சர்க்கரை இல்லை. நான்கு கடிதங்களிலும் நீல நூல் வைத்தேன். அது பொய். வந்ததெல்லாம் செங்கல் நிறம், சர்க்கரை உச்சத்தில். அம்மாவை அப்படியே விட்டுவிட்டு நீ ஓடிவந்துவிடுவாய் என்று பயந்தேன்.

டாக்டர் கோபித்துக்கொண்டார். "இன்சுலின் உங்க உடம்புல சுரக்குதுங்க. உடம்புதான் அது சொல்றதைக் கேக்கறதில்லீங்க. நடங்க, தொப்பையைக் குறைங்க, கேக்கும்" என்றார். இத்தனை வருஷமாக நீ சொன்னதுதான்.

இப்போது சைக்கிளைத் தொடுவதில்லை; பட்டறைக்கு நடைதான். சோறு ஒரு கரண்டி.

செங்கல் நிறம் இறங்கி, இன்று பச்சை; நீலத்துக்கு ஒரு படிதான் பாக்கி. அந்த நூல்தான் இத்துடன் இருக்கிறது, இது பொய்யில்லை. நீலம் வரும் அன்று நூல் அனுப்ப மாட்டேன். நீயே வந்து குழாயில் பார்.

உன் பேச்சைக் கேட்கத் தொடங்கிவிட்ட
உன் வீட்டுக்காரன்