ஒரு அடுப்புப் போதும்

அம்மா,

கொரிடோரில் கருவாடு மணக்கிறது. அறைக்கதவை மூடி, கீழே உள்ள இடைவெளியைத் தம்பியின் ஜக்கெட்டால் அடைத்துவிட்டேன். அப்படியும் மணக்கிறது. அப்பா இன்று பின்னேரம் ரூ பிலிப்-து-ஜிரார் தெருத் தமிழ்க் கடையில் வாங்கிய எல்லாவற்றையும் நான்கு மாடி தூக்கி வந்து, சுவரோரம் அடுக்கிவிட்டு வேலைக்குப் போனார். காரில் விட்டால் கண்ணாடியை உடைத்து எடுத்துவிடுவார்களாம். அரிசி மூட்டை, கருவாடு, மிளகாய்த்தூள், தேங்காய்கள். நிலவறையில் இருந்து பெரிய அலுமினியச் சட்டியையும் கரவானுக்கு முன்னால் அடிக்கும் கூடாரத்தின் கம்பிகளையும் எடுத்து வந்திருக்கிறார். குளியலறைக்குப் போவதென்றால் பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும்.

நாளைக் காலை கரவானை, உங்கள் வண்டிவீட்டை, காரின் பின்னால் கொளுவிக்கொண்டு கடலுக்குப் போகிறோம். நீங்கள் இல்லாமல் போவது இதுதான் முதல் தடவை.

எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அப்பா வேலையால் வந்து பார்த்தால் நான் அழுகிறேன் என்று நினைப்பார். நான் அழவில்லை. தம்பி எழும்பினாலும் பரவாயில்லை, அவனுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டத்தான் தெரியும். சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனதில் இப்படி ஒரு லாபம் இருக்கும் என்று நீங்கள் நினைத்திருக்க மாட்டீர்கள்.

பயம் இதுதான். சார்செல்லில் இருந்து சித்தப்பா குடும்பம் ஞாயிற்றுக்கிழமை அங்கே வருகிறது. கூடவே அவருடைய கூட்டாளிகள் இரண்டு குடும்பம். அப்பா போனில் சொன்னதை நான் குசினிக்குள், அடுப்படியில் நின்று கேட்டேன். "ஓமோம், வாங்கோவன். சமையலுக்கென்ன, பிள்ளை இருக்கிறாள்தானே." பிள்ளை என்றால் நான். எனக்குத் தேத்தண்ணி போடத் தெரியும். முட்டை பொரிப்பேன், பருப்பு ஒரு மாதிரி வைப்பேன். அவ்வளவுதான். பிறகு நான் மெல்லமாக, "அப்பா, ஒவ்வொரு வருசமும் இனிப் போவமோ?" என்று கேட்டேன். "இந்த முறை போய்ப் பாப்பம். அம்மா இல்லாமல் சரிவராட்டி கரவானை வித்துப்போடுவம். ஒருத்தர் கேட்டு வைச்சிருக்கிறார்" என்றார். குரலில் கோபமில்லை. நீங்கள் போனபிறகு அவருக்குக் கோபமே வருவதில்லை. ஏதாவது கேட்டால் பதில் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்க்கிறார். கத்தினால் நான் திருப்பிக் கத்துவேன். சுவரைப் பார்க்கிறவரோடு என்ன செய்வது?

கொரிடோரில் கிடப்பதைப் பார்த்தால் முதல் வருசம்தான் ஞாபகம் வருகிறது. கரவான் வாங்கிய கோடை. பழையது. அப்பா அதைச் சார்செல்லுக்கு அங்கால் ஒரு வளவில் நிறுத்தியிருந்தார். நீங்கள் அதற்குள் ஏறி, எல்லாத் தட்டுகளையும் திறந்து பார்த்துவிட்டு, "கன இடம் இருக்கு" என்றீர்கள். அதுதான் பிழையாய்ப் போனது. அடுத்த கிழமை முழுவதும் வீட்டை உள்ளே ஏற்றினீர்கள். சட்டி பானை, கிரைண்டர், தேங்காய்த் திருவலை, இடியப்ப உரல், சாமிப்படம், எங்களுடைய குளிர்கால உடுப்பு, விசாப் பேப்பர்கள் இருந்த பெட்டி.

"இஞ்சரும், நாங்கள் பத்து நாளிலை திரும்பி வாறம். விசாப் பேப்பர் என்னத்துக்கு?" என்று அப்பா கேட்டார்.

"வெளிக்கிட்டா எல்லாத்தையும் எடுத்துக்கொண்டுதான் வெளிக்கிடவேணும். அங்கையும் ரெண்டு நாளிலை திரும்பலாம் எண்டுதான் எல்லாரும் சொன்னவை."

அங்கே என்றால் வன்னி, சண்டைக்காலம். அப்பா அரிசி மூட்டையைத் தூக்கி, நீங்கள் காட்டிய இடத்தில், கரவானின் பின் மூலையில் வைத்தார்.

பாரமான சாமானைச் சக்கரச் சில்லுக்கு மேலே, நடுவில் வைக்க வேண்டும் என்று விற்றவர் சொல்லித்தான் விட்டாராம். நெடுஞ்சாலையில் கரவான் வால் ஆட்டத் தொடங்கியபோதுதான் அப்பாவுக்கு அது நினைவு வந்தது. நீங்கள் முருகா முருகா என்றீர்கள். தம்பி சிரித்தான், அவனுக்கு அது ராட்டினம் மாதிரி. அப்பா மெதுவாக ஓட்டி, வண்டிகள் இளைப்பாறும் இடத்தில் ஓரமாக நிறுத்தினார். எல்லாவற்றையும் புல்லில் இறக்கினோம். அப்போது தொப்பி போட்ட ஒரு பிரெஞ்சுக்கார அம்மா வந்து, குனிந்து பார்த்து, திருவலையைக் கையில் எடுத்து என்னிடம் ஏதோ கேட்டார்.

"என்னவாம்?" என்றீர்கள்.

"திருவலை என்ன விலை எண்டு கேக்கிறா. நாங்கள் பழைய சாமான் விக்கிற ஆக்களாம்."

அப்பா கரவானின் மறுபக்கம் போய் நின்று சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை. புல்லில் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, வீடு முழுவதும் தெருவோரம் கிடப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். பிறகு திருவலையை அந்த அம்மாவிடமிருந்து வாங்கி, "நோ, மதாம்" என்றீர்கள்.  அப்போது நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. இனிக் கேட்கவும் முடியாது.

கரவான்கள் நிறுத்தும் கம்பிங் இடத்தில் அப்பாவும் பக்கத்துக் கரவான்காரரும் ஒரு பின்னேரம் முழுக்கக் கம்பிகளோடு சண்டை பிடித்து முன்கூடாரத்தை அடித்தார்கள். அதற்குள் உங்கள் குசினி. பெரிய சட்டி கரவான் அடுப்பில் இருக்காது, மற்ற அடுப்பையும் மூடிவிடும். அதனால் வெளியில் தனியாக ஒரு காஸ் அடுப்பு. காலையில் இடியப்பம், மத்தியானம் சோறு, இரவு புட்டு. இரண்டு நாளைக்கு ஒருமுறை அப்பா இடம் மாற்றினார், ஊர் பார்க்க வேண்டும் என்று. மாற மாற எல்லாவற்றையும் கட்டி, அவிழ்த்து, சில்லை மட்டம் பார்த்து, திரும்ப அடுக்கினீர்கள். அப்பா ரெஸ்ரோறண்டில் குக். வருசம் முழுக்க மற்றவர்களுக்குச் சமைக்கிறவர். "லீவிலையும் சட்டியைத் தொடச் சொல்லாதையும்" என்பார். உங்களுக்கும் அது லீவுதான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கடைசி நாள்தான் கடலுக்கு வந்தீர்கள். முழங்கால் வரை இறங்கி, "உப்புத்தான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவந்து கரவானைக் கூட்டினீர்கள்.

அடுத்த வருசம் நீங்கள் எடுத்துவைத்ததைவிட வெளியே எடுத்ததுதான் கூடுதல். அதை நான் அப்போது கவனிக்கவில்லை, இப்போது நினைத்துப் பார்க்கும்போதுதான் தெரிகிறது. முதலில் கூடாரம். "வேண்டாம். முகாமிலை கூடாரத்துக்கை போதும் போதுமெண்ட அளவுக்குக் கிடந்திட்டன்" என்றீர்கள். கதவுக்கு முன்னால் பாய் ஒன்று, வெயிலுக்குக் குடை ஒன்று, அவ்வளவுதான். பிறகு இடம் மாறுகிற வேலையை நிறுத்தினீர்கள்.

"ஒவ்வொரு வருசமும் ஒரே இடமோ? விசர் பிடிக்கும்" என்றார் அப்பா.

"ஓடித் திரிஞ்சது போதும். ஒரு இடத்திலை நிண்டு பாப்பம், என்ன நடக்குதெண்டு."

ஒரு கடற்கரைக் கம்பிங்கில் தண்ணீர்க் குழாய்க்குக் கிட்ட இருந்த மூலை இடத்தையே ஒவ்வொரு வருசமும் கேட்டு வாங்கினோம். எந்தச் சில்லுக்குக் கீழே எந்தப் பலகை என்பது தம்பிக்கே பாடம். கரவானின் சின்னக் கக்கூசைப் பாவித்தால்தானே அதைக் கழுவ வேண்டும் என்று அதற்குள் வெங்காயத்தையும் செருப்புகளையும் வைத்துப் பூட்டினீர்கள். அங்கே இருக்கிற பொதுக் கக்கூஸ் எங்கள் வீட்டுக் குளியலறையைவிடத் துப்புரவு. படுக்கை விரிப்பு, கோப்பை, கத்தி எல்லாம் கரவானுக்கென்று தனியாக வாங்கி அதற்குள்ளேயே விட்டீர்கள். ஏற்றவும் தேவையில்லை, இறக்கவும் தேவையில்லை. இறைச்சிக் கறியும் பருப்பும் வீட்டிலேயே சமைத்து, ஐஸ்கிரீம் டப்பாக்களில் உறையவைத்துக் கொண்டுவந்தீர்கள். முதல் நாள் அவையே மற்றச் சாமான்களைக் குளிராக வைத்திருக்கும். கறியைச் சூடாக்க ஒரு அடுப்புப் போதும். மற்றதற்குப் பாண், பேக்கரி ரொட்டி. அவரவர் சாப்பாட்டுக் கோப்பையை அவரவர் கழுவ வேண்டும் என்று சட்டம் போட்டீர்கள். அப்பாவின் கோப்பை ஒரு நாள் முழுக்கக் காய்ந்து கிடந்தது, நீங்கள் அதைத் தாண்டித் தாண்டி நடந்தீர்கள். அடுத்த நாள் அவரே கழுவினார்.

சித்தி வந்தபோது பாணைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, கடைசியிலை நீங்களும் வெள்ளைக்காரியாப் போனியள்" என்று சிரித்தா.

"அவளவை இருந்து வெயில் காயினம். நான் மட்டும் நிண்டு அவிச்சுக்கொண்டிருக்கோணுமோ? நீரும் ஒரு கதிரையை எடுத்துப் போடும்."

சித்தி போடவில்லை. மனக்குறையோடுதான் வீட்டுக்குப் போயிருப்பா. உங்களுக்கு அது கவலையாக இருந்த மாதிரித் தெரியவில்லை.

போன கோடையைப் பற்றி எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன் என்று நினைக்கிறேன். வருத்தம் அப்போதே உடம்புக்குள் இருந்ததாம், பிறகு டொக்டர் சொன்னார். எங்களுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரிந்திருந்ததோ என்னவோ. பத்து நாளும் கரவான் வாசலில் நீலத் துணிக் கதிரையில், அந்த மடக்கு நாற்காலியில், இருந்தீர்கள். படிக்கவில்லை, போன் பார்க்கவில்லை, கீரை ஆயவில்லை. கை இரண்டும் மடியில் கிடந்தன. வீட்டில் நான் உங்களை அப்படிப் பார்த்ததே இல்லை. விடியமுதல் மார்க்ஸ் டோர்மோயில் மெத்ரோ ஏறி, ஒபிஸ்கள் துடைத்துவிட்டு வருவீர்கள், வந்ததும் ஜக்கெட்டைக் கழற்றாமலே அரிசியைக் கழுவுவீர்கள். அதனால் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. "அம்மா, என்ன யோசிக்கிறியள்?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை. சும்மா இருக்கிறன்."

மார்கழியில் நீங்கள் போய்விட்டீர்கள். ஆஸ்பத்திரியில் கண்ட முகம் எனக்கு அவ்வளவாக நினைவில் இல்லை. கதிரையில் இருந்த முகம் இருக்கிறது. கரவானை விற்றால் அது எங்கே போகும் என்று தெரியவில்லை. இது முட்டாள்தனமான யோசனை, எனக்குத் தெரியும்.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கொரிடோருக்குப் போனேன். பெரிய சட்டியைத் தூக்கிக் குசினியில் வைத்தேன். தேங்காய்களை வைத்தேன். அரிசி மூட்டையை என்னால் தூக்க முடியவில்லை, இழுத்தேன். பாதி வழியில் கதவு திறந்தது. அப்பா. வேலை முடிந்து வந்தவர், உடுப்பில் எண்ணெய் மணம்.

"என்ன செய்யிறாய்?"

 பிரெஞ்சில் சொல்லத்தான் வாய் வந்தது. தமிழில் சொன்னேன். "இவ்வளவும் வேண்டாம் அப்பா. என்னாலை ஏலாது."

அவர் சுவரைப் பார்த்தார்.  பிறகு சப்பாத்தைக் கழற்றாமலே அரிசி மூட்டையின் மேல் இருந்தார்.

"எதை எடுக்கிறது, எதை விடுறது எண்டு எனக்குத் தெரியேல்லை, பிள்ளை. கொம்மாதான் பாக்கிறவ. அதுதான் எல்லாத்தையும் எடுத்து வைச்சன்."

அவருக்கும் பயம் என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கு அது நிம்மதியாக இல்லை. ஆனால் பேசுவது இலகுவாக இருந்தது.

"ஞாயிறு அவங்கள் வந்தா?" என்றார்.

"கறி அவை கொண்டரட்டும். மிச்சத்தை நீங்கள் செய்யுங்கோ."

"நானோ?"

"நீங்கள் குக்தானே."

"நான் ரெஸ்ரோறண்டிலை மீன் மட்டும்தான் பொரிக்கிறன். மற்ற வேலையெல்லாம் வேறை ஆள்."

"அப்ப மீன் பொரியுங்கோ. கடலுக்குத்தானே போறம்."

மூக்கால் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். கொஞ்சம் கழித்து, "கொம்மா அங்கை என்ன செய்யிறவ? நான் வடிவாப் பாக்கேல்லைப் போல" என்று கேட்டார்.

"கதிரையிலை இருக்கிறவ."

"இருந்து?"

"இருந்து ஒண்டும் செய்யிறேல்லை, அப்பா. அதுக்குத்தான் அவ வாறவ."

அவர் எழும்பி அரிசி மூட்டையைத் தூக்கிக் குசினிக்குள் கொண்டுபோனார். திரும்பி வந்து கருவாட்டையும் எடுத்துக்கொண்டு போனார். கம்பிகளை மட்டும் விடவில்லை. "இது இருக்கட்டும். மழை பெய்தா?" என்றார். நான் மறுக்கவில்லை. கறியைக் கொண்டுவரும்படி சித்தப்பாவுக்குக் காலையில் போன் எடுத்துச் சொல்வதாகச் சொன்னார். கரவானை விலைக்குக் கேட்டவரைப் பற்றி நானாகக் கேட்கவில்லை. போய்ப் படுக்கும்போது அவரே, "அவருக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை இன்னும்" என்றார்.

இப்போது அவர் குறட்டை விடுகிறார். எனக்குப் பயம் போகவில்லை. காஸ் பற்றவைக்கப் பயம். அப்பா ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று கை காட்டுவது இனி நான்தான், அதற்கும் பயம். எல்லாவற்றையும்விட ஞாயிற்றுக்கிழமைக்குப் பயம். சித்தப்பா காரால் இறங்கியும் இறங்காததுமாக, "பிள்ளை, ஒரு தேத்தண்ணி போடன்" என்பார். எப்போதும் அப்படித்தான். எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். அப்பாவும் பார்ப்பார்.

நான் நீலக் கதிரையில் இருப்பேன். குரல் நடுங்கும், நடுங்கட்டும். "கேத்தில் உள்ளுக்கை இருக்கு, சித்தப்பா. எனக்கும் ஒண்டு போடுங்கோ" என்று சொல்வேன். எழும்ப மாட்டேன்.