செங்கல் சூளைக்குப் போன பாடம்

கீழ்பென்னாத்தூர்
9.5.1999

அன்பு மகன் இளவரசனுக்கு, அம்மா எழுதுவது. அண்ணாமலையார் மலையைப் பார்த்து உனக்காகக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம், மஸ்கட் வெயிலில் நீ உடம்பைப் பார்த்துக்கொள். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் கம்மியாகியிருக்கிறது, ஆனால் நான் பள்ளிக்கூடம் போனதும் டீக்கடைக்கு நழுவிவிடுகிறார். அது கிடக்கட்டும், முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். போன வருஷம் நீ வாங்கி வந்தாயே டேப் ரிக்கார்டர், அது இப்போது வீட்டில் இல்லை, செங்குன்றம் பக்கம் ஒரு செங்கல் சூளையில் இருக்கிறது. கோபப்படாதே, முழுக்கப் படி.

தை பிறந்தால் என் அஞ்சாம் வகுப்பு பாதி காலியாகிவிடும், உனக்குத் தெரியும். அப்பா அம்மாவோடு பிள்ளைகளும் சூளை வேலைக்குக் கிளம்பிவிடும், பரீட்சை எழுதாமல் படிப்பும் அதோடு போகும். இந்தத் தடவை ஒன்பது பேர். மண்ணாங்கட்டியின் மகள் பொன்னி, கணக்கில் என்னையே திருத்துகிறவள், புத்தகப் பையை என் மேஜைமேல் வைத்து, வேற யாருக்குனா குடுங்க டீச்சர் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் அப்பா டேப்பில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார், பட்டென்று நிறுத்தினேன். பொத்தான நீங்க அழுத்துங்க, நான் பாடம் நடத்துறேன் என்றேன். ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் அழுத்தினார்.

அப்படித்தான் ஞாயிறுதோறும் ஒரு கேசட் என்று ஆனது. டேப்பையும் பேட்டரியையும் சூளைக்கே அனுப்பிவிட்டு, எனக்குப் பதிவு செய்யப் பக்கத்து வீட்டில் ஒன்று இரவல் வாங்கிக்கொண்டேன். என்னிடம் படித்த லாரி டிரைவர் அருள்ராஜ்தான் கொண்டுபோய்க் கொடுத்து, பழைய கேசட்டைத் திருப்பி வாங்கி வருவான். மறுபக்கத்தில் பிள்ளைகள் பாடத்தை ஒப்பித்து அனுப்ப வேண்டும். முதல் கேசட் வந்தது. ஒன்பது பேரும் ஒரே குரலில், கடல் நீர் ஆவியாகி மேகமாகி என்று போய்க்கொண்டே இருந்தவர்கள், திடீரென்று சேர்ந்தாற்போல் ஹச் என்று ஒரு தும்மல்! நான் நடத்தும்போது அப்பா தும்மியிருக்கிறார், அதையும் சேர்த்து மனப்பாடம் செய்திருக்கிறார்கள். நம் குக்கர் விசிலைக்கூட விடவில்லை. எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலி கண்டது, அப்பா மட்டும் விறைப்பாக, என் தும்மல் கரெக்டா வந்துருக்குது பாரு என்றார். வேண்டுமென்றே செய்தீர்களா என்று பிறகு பொன்னியை நேரில் கேட்டேன், வாய்ப்பாடு ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டாள்.

மண்ணாங்கட்டி முதலில், செங்கல் அறுக்குற நேரத்துல பொட்டி கேக்குதா என்று திட்டினாராம். பங்குனியில் வந்த கேசட்டைப் போட்டால் அவர் குரல்! ஏழாம் வாய்ப்பாடு சொல்கிறார், ஏழெட்டில் தடுமாறினால் மகள் அதட்டுகிறாள். பரீட்சைக்கு விடுவார்களா என்பதுதான் எனக்குக் கவலை. அவரே மேஸ்திரியிடம் போய், எம் பொண்ணு பரீட்சை எழுதியே ஆவணும், அவ பங்குக் கல்லையும் நானே அறுக்குறேன் என்று நின்றுவிட்டாராம். அதைப் பார்த்து மற்றவர்களும் போய் நின்றிருக்கிறார்கள். பரீட்சைக்கு முதல் நாள் அருள்ராஜ் லாரி ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்து நின்றான், தலையெல்லாம் செம்மண்ணாக ஒன்பது பேரும் குதித்தார்கள். நான் முந்தானையைச் செருகிக்கொண்டு தெருவில் ஓடினேன், ஐம்பத்துநாலு வயது என்பதே மறந்துபோயிற்று. பரீட்சை முடிகிறவரை எல்லோரும் நம் வீட்டில்தான், உன் கட்டிலில் மட்டும் நாலு பேர். முடிந்ததும் மறுபடி சூளைக்குப் போய்விட்டார்கள். எட்டுப் பேர் பாஸ், பொன்னிக்குக் கணக்கில் தொண்ணூற்றெட்டு! சுப்பன் மட்டும் இங்கிலீஷில் போய்விட்டான், அவனுக்குத் தனிக் கேசட் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். பொன்னியை ஆறாம் வகுப்பில் சேர்க்கத் தானே வருவதாக மண்ணாங்கட்டி சொல்லியனுப்பியிருக்கிறார்.

நேற்று நடந்ததைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். அருள்ராஜ் கொடுத்த கேசட்டில் எல்லாம் தெரியாத குரல்கள். டீச்சர், நாங்க பக்கத்துச் சூளை, பொன்னிகூட உக்காந்து உங்க பாடம் கேட்டோம், எங்க பேரையும் எழுதிக்குங்க என்றது ஒரு குரல். பிறகு ஒவ்வொன்றாகப் பேர், ஊர், வகுப்பு. சிலர், எந்த வகுப்பும் இல்ல டீச்சர் என்றார்கள். நாற்பத்திரண்டு பேர். நிறுத்தி நிறுத்திக் கேட்டு, புது நோட்டில் ஒரு பேர் விடாமல் எழுதினேன். கடைசியாக ஒரு சின்னப் பெண், இனியா என்று பேரைச் சொன்னாள், அப்புறம் உரக்க, உள்ளேன் டீச்சர் என்றாள்.

ஆகவே கண்ணு, ஆடியில் வரும்போது சென்ட்டு, துணி ஒன்றும் வேண்டாம். டேப் ரிக்கார்டர் மூன்று, வெறும் கேசட் எத்தனை முடியுமோ அத்தனை. மறந்துவிடாதே. வேளைக்குச் சாப்பிடு, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. அண்ணாமலையார் துணையிருந்து நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

உன் வரவை எண்ணிக்கொண்டிருக்கும்
அம்மா சரசு