சாய்ந்த முகத்தில் ஒரு துளை

அண்ணா,

காந்திபுரத்தில் டவுன் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். முன்னால் நின்றவரின் சட்டையிலிருந்து வார்ப்பிரும்புத் தூள் வாடை வந்தது. இரும்பில் துளை போடும் உங்கள் போரிங் மெஷின் பக்கம் வந்தாலே அடிக்குமே, அதே வாடை. பஸ் வந்தும் ஏறவில்லை. நீங்கள் இருந்தபோது வாய்விட்டுச் சொல்லாததை இப்போதாவது எழுதிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நம் பம்பு கம்பெனிக்கு அந்த அளக்கும் மெஷின் வந்தது. ஏசி அறை, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். டிப்ளமோ முடித்த நான் ஒருத்திதான் அதற்கு ஆள். ஒர்க்ஷாப்பில் நான்தான் முதல் பெண். எப்போது சறுக்குவேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பயத்தில் எனக்குப் பணிவு வரவில்லை, திமிர்தான் வந்தது.

அன்று காலை நீங்கள் துளை போட்ட இருபது பம்பு உடல்களையும் அளந்தேன். எல்லாத் துளையும் சிறியது, வட்டமும் சரியில்லை என்று ரிப்போர்ட் வந்தது. துளைக்குள் விட்டு அளவு பார்க்கும் உங்கள் கேஜ் சுளுவாக உள்ளே போகிறது என்றீர்கள். மேனேஜர் முன்னாலேயே நான் சொன்னேன்: "உங்க கேஜ் தேஞ்சிருக்குமுங்க, அண்ணா." மேனேஜர் உங்கள் டூல் பெட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். நாலு மணிக்கு முதலாளி வந்து கணக்கை முடிப்பார் என்றார். பதினோரு வருட வேலை.

மதியம் ஏசி அறை வாசலில் வந்து நின்றீர்கள். கத்துவீர்கள் என்று நினைத்தேன். என் மெஷின் துளையை எந்தப் பக்கமிருந்து பார்க்கிறது என்று கேட்டீர்கள். மெஷினின் ஊசி சுவரைத் தொட்டுப் புள்ளி எடுக்கும், அந்தப் புள்ளிகளை நாம் சொல்கிற தளத்தில் இறக்கி வட்டம் போடும், அதைத்தான் ஒர்க் பிளேன் என்பது என்று எரிச்சலோடு சொன்னேன். மேஜையில் நான் கழற்றி வைத்திருந்த வளையலைக் கேட்டு வாங்கினீர்கள். வெளியே போய் உச்சி வெயிலில் அதைத் தரைக்கு மேலே பிடித்தீர்கள். நிழல் வட்டமாக விழுந்தது. கொஞ்சம் சாய்த்தீர்கள், நிழல் நசுங்கியது.

"நான் ஓட்டை போட்டது சாஞ்ச மூஞ்சிலீங்க. நீங்க நிழலை அளந்துபோட்டு என்ற ஓட்டையைக் குத்தம் சொல்லிப்போட்டீங்களா, அம்மணி?"

உள்ளே ஓடிப் பார்த்தால், முந்தின நாள் வேலைக்கு ஒர்க் பிளேனாக வைத்த மேல்தளம் அப்படியே இருந்தது. அதை வைத்தது நான், மாற்ற மறந்ததும் நான். நீங்கள் துளை போட்ட அந்தச் சாய்ந்த முகத்தையே தளமாக வைத்து மறுபடி அளந்தேன். இருபதும் சரி.

நாலு மணிக்கு முதலாளி வந்தார். நீங்கள் தூணோரம் கைகட்டி நின்றீர்கள். "சாஃப்ட்வேர் கோளாறுங்க சார், சரி பண்ணியாச்சு," என்றேன். கூசாமல் சொன்னேன். நீங்கள் என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள். ஒரு சொல் போதும், என் வேலை போயிருக்கும்.

"கேஜ் தேயலைங்க," என்று மட்டும் சொன்னீர்கள். சாவியை வாங்கிக்கொண்டு மெஷினுக்குப் போய்விட்டீர்கள்.

அதற்கப்புறம் எத்தனையோ வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தோம். ஒருமுறை பேச்செடுத்தேன். "வேலையப் பாருங்கம்மணி," என்று நகர்ந்துவிட்டீர்கள். மன்னித்தீர்களா, வெறுத்தீர்களா, தெரியவில்லை. இன்றும் ஒவ்வொரு புரோகிராமிலும் அந்த ஒர்க் பிளேன் வரியை மூன்று தடவை பார்த்த பிறகுதான் பட்டனைத் தொடுகிறேன்.

உங்கள் சாவுக்குக் கிணத்துக்கடவுக்கு வந்திருந்தேன். நான் யாரென்று சொன்னதும் உங்கள் மனைவி எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானுங்களா அது? அன்னைக்கு இவரு வேலையக் காப்பாத்துனது நீங்கதான்னு சாகுற வரைக்கும் சொல்லீட்டே இருந்தாருங்க."

சொல்லிவிட்டு என்னைக் கும்பிட்டார், அண்ணா. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.