ஹில்டாவுக்கு ஏற்ற பெட்டி

1986 பிப்ரவரி 8

இன்றைக்கும் வெறுங்கையோடு திரும்பினோம். ஈப்போவில் கீபோர்டு என்கிற மின்பெட்டி விற்கிற கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கியாயிற்று. ஒரு பெட்டியில் கட்டையெல்லாம் விளையாட்டுச் சாமான் அளவு. நான் ஒரு விரல் வைத்தால் இரண்டு அமுங்குகிறது. இன்னொன்றில் ஒரு நேரத்தில் ஒரு கட்டைதான் சத்தம் போடும். இரண்டாவதை அமுக்கினால் முதலாவது வாயை மூடிக்கொள்ளும். அதை வைத்துக்கொண்டு நான் என்ன பண்ண? நல்லதாகப் பட்ட ஒன்றின் விலையைக் கேட்டதும் ஹில்டாவே என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டாள்.

"ஏதாச்சும் ஒண்ண எடுத்துரு லா, அக்கா. நீ பாக்குற பார்வைக்கு இந்நேரம் மாப்பிள்ளையே கெடச்சிருப்பான்."

கொழுப்பு. அக்காளும் தங்கச்சியும் நாற்பதை ஒட்டி இப்படியே நிற்பது இந்தப் பாட்டுப் பைத்தியத்தால்தானே? தையல் மிஷினில் உட்கார்ந்தபடியே அவள் கட்டிய பாட்டு எட்டு இருக்கிறது. எட்டையும் அவள் குரலில் கேசட்டில் பதிய வேண்டும். தாளம், வயலின், புல்லாங்குழல் எல்லாம் ஒரே பெட்டியிலிருந்து வர வேண்டும். ஆள் வைத்து வாசிக்க நமக்கு வசதி ஏது. இவ்வளவு ஆசைப்பட்டு எடுப்பதை அவசரப்பட்டா எடுப்பது?

பிப்ரவரி 15

காம்பாரில் ஒரு கடை. அளவான கட்டைகள், பன்னிரண்டு வகைத் தாளம், டேப் ரிக்கார்டருக்கு வயர் செருக ஓட்டைகூட இருந்தது. வாங்கியே இருப்பேன். ஹில்டாவுக்கு எப்போதும் ஐந்தரைக் கட்டைச் சுருதி, தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். அதை வைத்துப் பாடச் சொன்னேன். மேலே போகிற இடத்தில் எட்டவில்லை. இருமினாள். மறுபடியும் பாடினாள், மறுபடியும் எட்டவில்லை. கடைக்காரன் முன்னால் எனக்கு ஒரே மானக்கேடு.

பஸ்ஸில் வரும்போதுதான் புரிந்தது. நாங்கள் பழகியது சிலிம் ரிவர் தோட்டத்து மாதா கோயில் ஆர்மோனியத்தில். அது அரைக் கட்டை இறங்கிப்போன பெட்டி என்று சாமியாரே சொல்வார். அப்படியென்றால் புதுப் பெட்டி ஏறித்தானே தெரியும்? ஹில்டாவிடம் சொன்னேன்.

"ஆமாக்கா, பெட்டிதான் ஏறியிருக்கு," என்று சொல்லிவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். களைப்பு.

மார்ச் 2

லகாட்டில் ஜெயபாலன் வீடு. கல்யாணங்களுக்கு வாசிக்கிறவர், தம் பழைய பெட்டியை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். இது காம்பார்ப் பெட்டியைவிட மோசம், இன்னும் ஏறிக் கிடக்கிறது. இந்த ஜப்பான்காரன் ஒவ்வொரு பெட்டியையும் ஒவ்வொரு சுருதியில் செய்து தள்ளுவான் போல. ஜெயபாலனிடம் சண்டை பிடிக்காத குறை.

நல்ல மனிதர். சிரித்தார். "சில பெட்டியில சுருதி எறக்குற சுவிட்சு இருக்கு அக்கா. நீங்க வாசிக்கிற எடத்துலயே வாசிக்கலாம், சத்தம் மட்டும் கீழ வரும்."

எனக்கு வேண்டியது அதுதான். ஹில்டாவுக்கென்றே வாசித்துப் பழகிய கை இது. ஐந்தரையைத் தவிர வேறு இடத்தில் ஓடாது.

மார்ச் 22

வாங்கியாயிற்று! ஈப்போவில், சீனர் கடையில். சுவிட்சு உள்ள பெட்டி. ஒரு படி இறக்கினேன், ஹில்டா அப்படியே பூப்போலப் பாடினாள். கடை முதலாளித் தவுக்கேகூடக் கை தட்டினார். புந்தோங்கில் எங்கள் வீடு வரைக்கும் டாக்சியில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன்.

மார்ச் 30

முதல் பாட்டு முடிந்தது. மாதாவே, என்ன குரல் இவளுக்கு! தாளமும் வயலினும் முதலில் ஒரு ரிக்கார்டரில். அதை ஓடவிட்டு அவள் பாட, இன்னொன்றில் பதிவு. பக்கத்து வீட்டு மங்களம் ரேடியோ என்று நினைத்தாளாம்.

ஏப்ரல் 19

இரண்டாவது பாட்டு. இரண்டு படி இறக்கவேண்டியிருந்தது. வெயில் கொளுத்துகிறது, சூட்டுக்குப் பெட்டி ஏறுகிறது. மேளத்தோல் காய்ந்தால் ஏறுவதில்லையா, அதுபோல. மிஷினுக்குப் பக்கத்திலிருந்து எடுத்து நிழலான இடத்தில் வைத்தேன்.

மே 11

மூன்றாவது. நான்கு படி. ஈரத்துணி போட்டு மூடியும் பிரயோசனம் இல்லை. ஹில்டா சாப்பாட்டில் பாதியை வைத்துவிடுகிறாள், தொண்டையில் கரகரப்பு என்கிறாள். ஐஸ் தண்ணி குடிக்காதே என்றால் கேட்டால்தானே.

"நாலாவது பாட்டையும் இன்னைக்கே போட்டுருவோமே அக்கா?"

பெட்டி சரியாகட்டும், எங்கே ஓடிப்போகிறது பாட்டு என்றேன்.

ஜூன் 14

ஆறு படி. சுவிட்சு அதற்குமேல் போகவில்லை.

ஜூன் 21

பெட்டியைத் துணியில் சுற்றி, வாங்கின கடைக்கே தூக்கிக்கொண்டு போனோம். சூட்டில் ஏறிவிட்டது, இறக்கிக் கொடுங்கள் என்றேன். தவுக்கே என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சுவிட்சைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, அலமாரியிலிருந்து புத்தம்புதுப் பெட்டி ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் ஒரே கட்டையை அமுக்கினார். ஒரே சத்தம். வேறு கம்பெனிப் பெட்டி ஒன்றை எடுத்தார். அதே சத்தம். மூலையில் இருந்த பியானோவிலும் போய் அமுக்கிக் காட்டினார்.

"செமுவா சாமா லா, தங்காச்சி." எல்லாம் ஒன்றுதானாம்.

நான் விடவில்லை. அப்படியென்றால் காம்பாரில் ஏன் எட்டவில்லை, லகாட்டில் ஏன் அதைவிட மேலே இருந்தது என்று கேட்டுக்கொண்டே போனவள் பாதியில் நின்றேன். பெட்டி ஏறவில்லை. ஒன்றுகூட ஏறவில்லை. திரும்பி ஹில்டாவைப் பார்த்தேன். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும்க்கா."

"எப்பத்துலேர்ந்து?"

"கிறிஸ்மஸ்லேர்ந்து. கொரல் கீழ போய்க்கிட்டே இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போனா பாடாதன்னு சொல்லிருவாங்க. எட்டும் முடிஞ்சிரட்டும்னு பாத்தேன்."

அடிப்பாவி! நான் ஊர் ஊராகப் பெட்டியைக் குறை சொல்லிக்கொண்டு அலைந்தேன், நீ கூடவே வந்தாயே.

ஜூன் 24

பெரியாஸ்பத்திரி. தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். கொஞ்சம் சதையும் எடுத்துக்கொண்டார்கள்.

ஜூலை 4

கட்டியாம். கெட்ட கட்டி. கொரல்வளையையே எடுக்கணுமாம். எடுத்தா உசுரு நிக்கும், கொரல் நிக்காதாம். டாக்டரு மெதுவாத்தான் சொன்னாரு — எனக்கு எதுவும் காதுல ஏறல. ஏன் என் காதுக்கு இது மட்டும் கேக்காமப் போச்சு? ஐந்தரைய தூக்கத்துல சொல்றவளாம். தூ.

ஜூலை 6

சண்டை. பத்து நாள் தள்ளிப்போடச் சொல் அக்கா, மிச்சம் ஐந்தையும் பாடிவிடுகிறேன் என்கிறாள். அந்தக் குரலை எழுத எனக்கு வரவில்லை, காற்றுதான் வருகிறது. "பாட்டுக்காக நீ செத்தா அத வச்சு நான் கும்புடவா?" என்று கத்திவிட்டேன். நான் கத்துகிறேன், அவளால் திருப்பிக் கத்த முடியவில்லை. அப்புறம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதோம்.

ஜூலை 16

நாளைக்கு ஆபரேஷன். வார்டில் விட்டுவிட்டு வந்தேன். கிளம்பும்போது "போய்ட்டு வா அக்கா" என்றாள். அவள் குரலில் அதுதான் கடைசி. என் பெயரையாவது ஒரு தடவை சொல்லச் சொல்லியிருக்கலாம்.

ஜூலை 18

உயிரோடு இருக்கிறாள். கழுத்தில் ஓட்டை போட்டு அது வழியாக மூச்சு. சிலேட்டில் எழுதினாள்: "பசிக்குது."

ஆகஸ்ட் 10

வீட்டுக்கு வந்துவிட்டாள். கழுத்தில் வெள்ளைத் துணி கட்டிக்கொள்கிறாள், தானே தைத்தது. கேசட்டைப் போட எனக்குத் தைரியம் இல்லை. நான் வேலைக்குப் போனதும் அவள் போட்டுக் கேட்கிறாள் என்று மங்களம் சொன்னாள்.

செப்டம்பர் 27

பெட்டியை விற்றுவிடலாமா என்று கேட்டேன். சாயங்காலம் பார்த்தால் பெட்டிக்கு ஓர் உறை தைத்துப் போட்டிருக்கிறாள்.

டிசம்பர் 20

மத்தியானம் மிஷினை விட்டு எழுந்து வந்து பெட்டியின் உறையை நீக்கினாள். என்னை உட்கார விடவில்லை. தானே உட்கார்ந்து தாளத்தைப் போட்டு, நாலாவது பாட்டின் மெட்டை ஒரு விரலால் வாசித்தாள். தப்பில்லாமல் வாசித்தாள். எத்தனை நாளாகத் தனியாகப் பழகினாளோ. பிறகு என்னைப் பார்த்துப் பாடு என்று கையைக் காட்டினாள்.

"எனக்கு எங்கடி பாட்டு வரும்? தவக்களை மாதிரி கத்துவேன்."

மேசையைத் தட்டினாள். அது அவளுடைய அதட்டல். பாடினேன், எட்டவில்லை. சுவிட்சை ஒரு படி இறக்கினாள். எட்டவில்லை. இன்னொரு படி. தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு இன்னும் ஒரு படி இறக்கினாள். அங்கே என் குரல் சுருதியில் கொஞ்சம் உட்கார்ந்தது. போதும் என்று தலையாட்டிவிட்டு ரிக்கார்டரின் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள்.

முழுசாகப் பாடினேன். இரண்டு இடத்தில் வார்த்தை மறந்தது, அவள் வாயைப் பார்த்துப் பிடித்துக்கொண்டேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் அவள் வாயும் அசைந்துகொண்டே இருந்தது. ஒரு சொல் விடவில்லை. கழுத்துத் துணி மட்டும் ஏறி ஏறி இறங்கியது.

பிறகு கேசட்டைப் பின்னால் சுற்றிப் போட்டுக் கேட்டோம். தாளமும் மெட்டும் கேட்டன. குரல் என்னுடையது மட்டும்தான் இருந்தது.