மொட்டை மாடியில் நின்ற நான்கு கம்பிகள்

என் மேசையில் ஒரு முழ நீளத்துக்கு ஒரு துருப்பிடித்த கம்பி கிடக்கிறது. பேப்பர் பறக்காமல் இருக்க அதைத்தான் வைக்கிறேன். இன்று காலை அதை நகர்த்தியபோது விரல்களில் துரு ஒட்டிக்கொண்டது. கழுவியும் மணம் போகவில்லை. அந்த மணத்தோடு உட்கார்ந்திருந்தபோது எதிர்வீட்டில் சென்ட்ரிங் பலகை அடிக்கிற சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நாளை அங்கே கூரைக்குக் கான்கிரீட் போடுகிறார்கள். நான்கு மூலைகளிலும் கம்பிகள் இடுப்பு உயரத்துக்கு வானத்தைப் பார்த்து நின்றன. இதைப் பார்த்தால் நீர் முதலில் என்ன கேட்பீர் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நாலு வீடு தள்ளி இருந்த உமக்கு, நீர் உயிரோடு இருந்தபோது ஒரு வரி எழுதியதில்லை. தேவை இருக்கவில்லை. காலையில் கேட் திறக்கும், "வே சார்வாள், எந்திச்சாச்சா?" என்று குரல் வரும், இருவரும் டீக்கடைக்கு நடப்போம். எத்தனையோ ஊர்களில் இன்ஜினியராகக் கட்டடங்களுக்கு எடைக் கணக்குப் போட்டுவிட்டு, ஓய்வுபெற்று வந்து இங்கே வாடகை வீட்டில் இருந்தீர். சொந்தமாக ஒன்று கட்டக்கூடாதா என்று கேட்டேன். "சொந்த வீட்டுல படுத்தா கணக்கு சரிதானான்னு தோணிக்கிட்டே இருக்கும் வே, தூக்கம் வராது" என்றீர். அந்தப் பதிலுக்கு நான் சிரித்தேன். நீர் சிரிக்கவில்லை.

ஆனால் நம் பழக்கம் டீக்கடையில் தொடங்கவில்லை. என் வீட்டு மாடியில்தான் தொடங்கியது. அதுவும் எனக்குக் கொஞ்சமும் விருப்பமில்லாமல்.

என் மகள் கோமதிக்குப் புளியங்குடிக்கு மாற்றல் கிடைத்தது. மருமகனுக்கு எங்கிருந்து வேண்டுமானாலும் கம்ப்யூட்டரில் செய்கிற வேலை. கோயம்புத்தூர் வீட்டைக் காலி செய்துவிட்டு, பேத்திகள் இருவரோடும் எங்களிடமே வந்துவிடுவது, மேலே ஒரு வீடு எடுப்பது என்று முடிவாயிற்று. மாரியப்பன் கொத்தனார் வந்து மாடியைச் சுற்றிப் பார்த்தார். "அதான் கம்பி விட்டிருக்கீங்களே சார். பழசோட புதுசை வெல்டு வச்சு ஏத்திரலாம்" என்றார். வேலையைத் தொடங்க ஒரு புதன்கிழமையும் குறித்தாயிற்று. என் மனைவிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வீடு கட்டிய நாளிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் "தட்டட்டியில கம்பி விட்டிருக்கு, மேல எடுக்கணும்" என்று மொட்டை மாடியைக் காட்டிச் சொல்லிக்கொண்டே இருந்தவள் அவள். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

மருமகன்தான் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவர் பார்க்காமல் வேலை தொடங்கக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தார். இன்ஜினியர் என்றால் படம் வரைந்து, நகராட்சிக்குப் போகிற தாளில் கையெழுத்துப் போடுகிறவர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அறை எங்கே, ஜன்னல் எங்கே என்று வரைகிறவர் வேறு, வரைந்தது நிற்குமா என்று பார்க்கிறவர் வேறு என்பது முப்பது வருடம் அறிவியல் சொல்லிக்கொடுத்த எனக்குத் தெரியாது. மருமகன் கூப்பிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நீர் வந்தீர். கையில் ஒரு சிறிய சுத்தியல், சட்டைப்பையில் பென்சில். கோமதி நீட்டிய வரைபடத்தை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு நேராக மாடிக்குப் போனீர். துணிக்கொடி கட்டியிருந்த கம்பியைப் பிடித்து ஆட்டினீர். பிறகு கீழே வந்து, அந்தக் கம்பிக்கு நேர் கீழே, சுவரின் மூலையில் உள்ளங்கை அளவுக்குச் சிமெண்ட் பூச்சைத் தட்டி எடுத்தீர். உள்ளே செங்கல். அடுத்த மூலைக்குப் போனீர். அங்கேயும் செங்கல்.

தூண் கொஞ்சம் உள்தள்ளி இருக்கும் என்றார் மாரியப்பன். நீர் சுவரை ஒட்டி வெளியே ஒரு குழி தோண்டச் சொன்னீர். நாலடிக்குள் கல் அடித்தளம் முடிந்துவிட்டது. அதற்குக் கீழே கரிசல் மண். ஒரு கட்டியை எடுத்து நசுக்கிப் பார்த்தீர். பிறகு என்னை ஒரே ஒரு தடவை பார்த்தீர். நான் செம்பருத்திச் செடியைப் பார்த்தேன்.

எல்லாவற்றையும் அங்கேயே போட்டு உடைத்திருக்கலாம். நீர் அப்படிச் செய்யவில்லை. தட்டி எடுத்த இடங்களை உம் கையாலேயே சிமெண்ட் வைத்து மூடினீர். "ரெண்டு நாள் குடும்மா, பாத்துச் சொல்லுதேன்" என்று கோமதியிடம் சொல்லிவிட்டு, என்னை டீ குடிக்கக் கூப்பிட்டீர்.

ராஜபாளையம் சாலை டீக்கடையில் முதல் மடக்குக்குப் பிறகுதான் கேட்டீர். "அந்தக் கம்பி எவ்வளவு உள்ள போகுது வே?"

ஒன்றரை அடி என்றேன். கூரைக்குள் மடக்கி விட்டதோடு சரி. கீழே ஒன்றும் இல்லை.

ஏன் என்று நீர் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். நான் வீடு கட்டிய வருடம் எங்கள் தெருவில் எல்லா வீட்டு உச்சியிலும் கம்பி நின்றது. கம்பி நிற்கிற வீடு இன்னும் வளரப்போகிற வீடு. கம்பி இல்லாத வீட்டுக்காரன் அத்தோடு நின்றுபோனவன். தூண் எழுப்பிக் கட்ட எனக்கு அப்போது வழியில்லை. கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள் அப்போதைய கொத்தனாரிடம் மெதுவாகச் சொன்னேன். "சாருக்கு மனசு நிறைஞ்சாச் சரி" என்று சிரித்துக்கொண்டே நாலு மூலையிலும் நட்டுவிட்டார். கம்பி பூமி வரைக்கும் போகிறது என்று மனைவியிடம் சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

நீர் டம்ளரைக் கீழே வைத்தீர். "ரிப்போர்ட்ல நான் எழுதிருவேன். அதைப் படிக்கதுக்கு முன்னால அந்தப் பிள்ளை உம்ம வாயால கேக்கணும்" என்றீர். இன்றைக்கும் அந்தக் குரல் எனக்கு அப்படியே கேட்கிறது. அதில் கோபம் இல்லை. பரீட்சைத் தாளைத் திருப்பிக் கொடுக்கிற நல்ல ஆசிரியரின் குரல் அது. அந்தக் குரலில் நான் எத்தனை பேரிடம் பேசியிருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். எண்ணிக்கை பெரிதாக வரவில்லை.

மறுநாள் காலை இட்லிக்கு எல்லோரும் உட்கார்ந்தபோது சொன்னேன். மருமகன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோமதிதான் பேசினாள். "பிள்ளைகளை மேல படுக்க வச்சிருப்பேனேப்பா." அவ்வளவுதான் சொன்னாள். அவள் இன்னும் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். என் மனைவி எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாவது நாள் மாடியிலிருந்து துணி எடுத்து வந்து என் முன்னால் போட்டாள். "இத்தனை வருசமா அதுல கொடி கட்டித் துணி காயப்போட்டேன். அதையாவது தாங்குச்சே" என்றாள். சிரிப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. அவள்தான் முதலில் சிரித்தாள்.

அன்று சாயங்காலம் நீர் ரிப்போர்ட்டோடு வந்தீர். மாடி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போவீர் என்று பயந்திருந்தோம். நீர் பேத்தியின் நோட்டில் வீட்டை வரைந்து, கூரையிலிருந்து கீழ்நோக்கி ஒரு கோடு இழுத்தீர். "எடை எங்கன போகுதுன்னு மட்டும் பாரும். கூரை சுவத்து மேல. சுவரு கல்லு மேல. கல்லு கரிசல் மேல. கரிசல் மழைக்கு உப்பும், கோடைக்குச் சுருங்கும். இது இருக்க வீட்டையே கஷ்டப்பட்டுச் சுமக்கு. இன்னொரு வீட்டை அது தலையில வைக்காதீரும்."

எனக்குப் பள்ளிக்கூட ஆண்டு விழா ஞாபகம் வந்தது. பையன்களை ஒருவர் மேல் ஒருவராக நிறுத்திக் கோபுரம் கட்டுவோம். உச்சியில் ஏறுகிறவன் யார் என்பதில்தான் எங்கள் கவனமெல்லாம். ஒரு வருடம் மைதானம் ஈரமாக இருந்தது. அடியில் நின்ற பையன்கள் பலசாலிகள்தான், ஆனால் ஒருவனின் குதிகால் மண்ணில் புதைந்தது. மொத்தமும் சரிந்தது. நல்லவேளை, சிராய்ப்போடு போயிற்று. இதைச் சொன்னதும், "பாத்தீரா, தெரிஞ்ச பாடம்தான்" என்று என் முதுகில் தட்டினீர்.

பழைய வீட்டுக்கு வெளியே ஆறு இடத்தில் துளை போட்டு, கரிசலைத் தாண்டிக் கீழே இருக்கிற சுக்காம்பாறையில் கால் ஊன்றி, அங்கிருந்து ஆறு தூண்கள். அவற்றின் மேல் உத்திரம், உத்திரத்தின் மேல் புது வீடு. பழைய கூரையை அது எங்கேயும் தொடக்கூடாது. நடுவில் ஒன்றரை அடி இடைவெளி. அதுதான் நீர் சொன்ன வழி. மாரியப்பனுக்கு மனசே இல்லை.

"ஒன்றரை அடி சும்மா விட்டா பூனை குட்டி போடும் அண்ணாச்சி."

"போடட்டும். வாடகை கேக்காதீரும்" என்றீர்.

தூண் கம்பி கட்டி முடிகிற ஒவ்வொரு தடவையும் கான்கிரீட்டுக்கு முன்னால் வந்து நின்று பார்த்தீர். ஒரு தூணில் கம்பிகளைச் சுற்றி வருகிற வளையங்களைத் தள்ளித் தள்ளிக் கட்டியிருந்தார்கள். பிரித்துக் கட்டச் சொன்னீர். மாரியப்பன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். நீர் அவர் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு வளையமாக எடுத்துக் கொடுத்தீர். மதியம் அவர் கொண்டுவந்த சாப்பாட்டை இருவரும் பங்கு போட்டுச் சாப்பிட்டதை என் மனைவி பார்த்துவிட்டு வந்து சொன்னாள். பழைய நாலு கம்பிகளையும் அறுத்தபோது, ஒரு துண்டை என் கையில் கொடுத்தவரும் நீர்தான். "வச்சுக்கிடும்" என்றீர்.

முதல் ஐப்பசி மழையில் கீழ்வீட்டுச் சுவரில் ஒரு விரிசல் வந்தது. கோமதி பதறிப்போனாள். நீர் வந்து, சுவர் அசைந்தால் உடையட்டும் என்று விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டி, பென்சிலால் தேதி எழுதினீர். மேலே புதுச்சுவரில் கூரைப் பூச்சு இணைகிற இடத்திலும் ஒன்று. பத்து நாளில் கீழே இருந்த கண்ணாடி உடைந்தது. மேலே இருந்தது அப்படியே இருந்தது. உடைந்த கண்ணாடியைப் பார்த்து நீர் அவ்வளவு சந்தோஷப்பட்டதைப் பார்த்து என் மனைவிக்கு ஆச்சரியம். "கரிசல் அதோட வேலையைச் செய்யிது மதினி. இந்த விரிசலைப் பூசிக்கிடலாம். மேல அதோட கை எட்டாது" என்றீர். குளியலறைத் தண்ணீர் சுவரடியில் தேங்காமல் வாய்க்கால் வைக்கச் சொல்லிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனீர்.

அடுத்த ஐப்பசிக்கு நீர் இல்லை. ஒரு காலையில் கேட் சத்தம் வரவில்லை, நான்தான் போய்ப் பார்த்தேன். அதைப் பற்றி அதிகம் எழுத வேண்டாம். மாரியப்பன் வந்து கடைசி வரைக்கும் நின்றார் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

இன்று காலை, இந்தக் கடிதத்தைப் பாதியில் விட்டுவிட்டு, கம்பித் துண்டோடு எதிர்வீட்டுக்குப் போனேன். விசைத்தறி வைத்திருக்கிற கணேசன் கட்டுகிற வீடு. என்னிடம் படித்தவர்தான். இந்தக் கம்பி எதுவரைக்கும் போகிறது என்று கேட்டேன். மாடிக்கு விட்டிருக்கிறது என்றார். அது மேலே, கீழே எதுவரைக்கும் என்றேன். அவர் தன் கொத்தனாரைப் பார்த்தார். கொத்தனார் பலகையைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. அங்கிருந்த எல்லோர் முன்னாலும் என் கதையைச் சொன்னேன், நான் மனைவியிடம் சொன்ன பொய் உட்பட.

"கம்பி இல்லைன்னா வீடு முடிஞ்சு போன மாதிரில்லா சார் தெரியும்?" என்றார் கணேசன்.

"முடிஞ்ச வீட்டுலதானய்யா குடியிருக்க முடியும்" என்றேன். தென்காசியில் இருக்கிற ஒரு பெண் இன்ஜினியரின் பெயரை நீர் ஒருமுறை சொல்லியிருந்தீர். பின்னால் மாடி வேண்டுமென்றால் கான்கிரீட்டுக்கு முன்னாலேயே அவரைக் கூப்பிட்டுக் காட்டச் சொன்னேன். மதியம் சாப்பிட்டுவிட்டு ஜன்னலுக்கு வந்து பார்த்தேன். மூலைகளில் கம்பி இல்லை. கான்கிரீட் வேலையை ஒரு வாரம் தள்ளிவைத்திருக்கிறார்களாம்.

இப்போது யார் வீட்டுக்குப் போனாலும் என் கண் முதலில் சுவரடிக்குத்தான் போகிறது. ஒருவர் பெரிதாக எதையாவது சொன்னாலும், அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கிறேன். என்னை அப்படிப் பார்த்தவர் நீர்தான், பார்த்துவிட்டு மூடி வைத்தவரும் நீர்தான். அந்த இரண்டையும் சேர்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

மாரியப்பன் சொன்னது பலித்துவிட்டது. ஒன்றரை அடி இடைவெளியில் ஒரு பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறது. பேத்திகளுக்கு அதுதான் இப்போது உலகம். இதை எழுதும்போது அவர்கள் மேலே குதித்துக்கொண்டிருக்கிறார்கள். என் மனைவி வழக்கம்போல நிமிர்ந்து கூரையைப் பார்க்கிறாள். தூசு ஒன்றும் உதிரவில்லை. சத்தம் மட்டும்தான் எங்கள் கூரைக்கு வருகிறது. எடை வருவதில்லை.